கல்லூரிக்குள் இருக்கும் சமுதாய வானொலியில் தமிழுக்கு இடம் உண்டா? பெங்களூருவிலிருந்து ஒரு விரிவான பதில்

பெங்களூருவில் ஊடகவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: "எங்கள் கல்லூரியில் சின்னதாக ஒரு சமுதாய வானொலி நிலையம் இருக்கிறது. எங்கள் வீடு ஆஸ்டின் டவுனில். தெருவில் தமிழ் பேசாத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாரம் அரை மணி நேரம் தமிழில் ஒரு நிகழ்ச்சி செய்ய ஆசை. கர்நாடகத்தில் இருந்துகொண்டு அப்படிக் கேட்கலாமா? கல்லூரி வானொலியை வெளியே யாராவது கேட்கிறார்களா? எல்லாரும் யூட்யூபில் இருக்கும்போது இதற்காக மெனக்கெடுவதில் அர்த்தம் உண்டா?"

தாராளமாகக் கேட்கலாம். நேயர்களும் இருக்கிறார்கள், ஆனால் நாம்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். அர்த்தம் நிறையவே உண்டு. ஒரு வட்டாரத்து மக்களுக்காக லாப நோக்கமில்லாமல் நடக்கும் இப்படிப்பட்ட சின்ன நிலையங்களுக்குப் பல வருஷமாகத் தன்னார்வலராகப் போய் வருகிறவன் என்பதால், ஒவ்வொன்றையும் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

முதலில், வானொலி நிலையம் ஏன் கல்லூரிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நாளைக்குக் கல்லூரி முதல்வர் அறையில் பேச உதவும். 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வங்காள கிரிக்கெட் சங்கம் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமை பற்றிப் போட்ட வழக்கு அது. அதில்தான் வான் அலைகள் பொதுச் சொத்து, அரசுக்கு மட்டும் உரியவை அல்ல என்று வந்தது. அடுத்த வருஷமே, 1996இல், நம்ம ஊரில் கூடிய ஆர்வலர்கள் சமுதாய வானொலிக்கு அனுமதி கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதைப் பெங்களூரு பிரகடனம் என்றே சொல்வார்கள். இந்தியாவில் இந்த இயக்கத்தின் கதையைச் சொல்பவர்கள் பெங்களூருவைத் தொடாமல் போக முடியாது.

ஆனால் அரசு கதவைத் திறந்தது 2002 டிசம்பரில்தான். அதுவும் நிலைபெற்ற கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1ஆம் தேதி 90.4இல் ஒலிக்கத் தொடங்கியது அந்த வழியில்தான். தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் அனுமதி கிடைக்க 2006 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு 2008இல் இன்றைய தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் சங்கம் ரேடியோ வந்தது. தொண்டு நிறுவனம் ஒன்றின் பெயரில் வந்த முதல் நிலையம் அது. தலித் பெண்கள் நடத்துவது.

2002க்கும் 2006க்கும் நடுவிலான இந்த நான்கு வருஷ இடைவெளியின் விளைவை இன்றைக்கும் பார்க்கலாம். கையில் உரிமம் இருந்த கல்லூரிகளுக்கு 'சமுதாயம்' யார் என்று தெரியவில்லை. தெரிந்த அமைப்புகளுக்கு உரிமம் இல்லை. கோலார் மாவட்டம் பூதிகோட்டையில் 'நம்ம த்வனி' என்ற முயற்சியை நினைத்துப் பாருங்கள். ஹைதர் அலி பிறந்த ஊர் அது. ஊர்க்காரர்கள், அதிலும் சுயஉதவிக் குழுப் பெண்கள், நிகழ்ச்சி தயாரித்தார்கள். அலைவரிசை கிடைக்காததால் ஒலிபெருக்கி வைத்துப் போட்டார்கள், பிறகு கேபிள் வழியே வீடுகளுக்கு அனுப்பினார்கள். ஆள் இருந்தது, குரல் இருந்தது, ஆண்டெனா மட்டும் இல்லை. பல கல்லூரிகளில் நிலைமை இதற்கு நேர் எதிராக இருந்தது.

பெங்களூரு நகரத்தின் முதல் சமுதாய வானொலி 2007இல் ஜெயின் கல்விக் குழுமத்திலிருந்து வந்த ரேடியோ ஆக்டிவ், அதுவும் 90.4. மாணவர்களின் பயிற்சிக்கூடமாக மட்டும் அது நின்றிருந்தால் இங்கே அதன் பெயரைச் சொல்லியிருக்க மாட்டேன். குப்பை சேகரிப்பவர்களும் திருநங்கைகளும் அங்கே விருந்தினராக வந்துபோனதோடு நிற்கவில்லை, நிகழ்ச்சி நடத்துகிறவர்களாகவே மைக் முன் உட்கார்ந்தார்கள். ஒரு திருநங்கை தன் சொந்தக் குரலில் ஊரோடு பேசுவதை ஆட்டோவில் போகிறவர் கேட்கிறார் என்றால், அந்தப் பத்து நிமிஷம் எத்தனை கருத்தரங்குகளுக்குச் சமம் என்று யோசியுங்கள். மங்களூரில் செயின்ட் அலோசியஸ் கல்லூரியின் சாரங் 107.8உம் கல்லூரியில் வேர்விட்டதுதான். நம் பக்கம் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி, சென்னையில் எம்.ஓ.பி. வைஷ்ணவ கல்லூரியின் நிலையம் எல்லாம் அதே வகை. பாம்பனில் மீனவர்களுக்காக ஒலிக்கும் கடல் ஓசை வேறு பாதையில் வந்தது. நேரம் கிடைக்கும்போது அதையும் கேட்டுப் பாருங்கள்.

ஆக, என் பார்வையில் ஒரு கல்லூரி வானொலியை எடைபோட ஒரே கேள்வி போதும்: கல்லூரியில் படிக்காத, அங்கே வேலை செய்யாத ஒருவர் அந்த நிலையத்தில் என்ன முடிவெடுக்கிறார்? கருவிகளும் ஸ்டூடியோவும் ஏசியும் இரண்டாம் பட்சம்.

இனி சட்டம். கர்நாடகத்தில் தமிழ் கேட்கலாமா என்று தயங்கியிருக்கிறீர்கள். மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகள், நிகழ்ச்சிகள் கூடுமானவரை உள்ளூர் மொழியிலும் வட்டார வழக்கிலும் இருக்க வேண்டும் என்கின்றன. மாநிலத்தின் ஆட்சிமொழி என்று அங்கே பேச்சே இல்லை. நிலையத்தின் எல்லைக்குள் வாழும் மக்களின் மொழி என்பதுதான் கணக்கு. பாதி நிகழ்ச்சிகளாவது உள்ளூரிலேயே, உள்ளூர் மக்கள் பங்கேற்புடன் தயாராக வேண்டும் என்பதும் நிபந்தனை. ஆங்கிலேயர் படைமுகாமான கன்டோன்மென்ட் காலம் தொட்டே தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஹலசூரும், சிவாஜி நகரும், மர்ஃபி டவுனும், உங்கள் ஆஸ்டின் டவுனும் உள்ளூர் இல்லையென்றால் வேறு எது உள்ளூர்? தலைநிமிர்ந்து கேளுங்கள்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் திருத்திய நெறிகளின்படி அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். பல கல்லூரிகளில் இந்தக் குழு பேராசிரியர்களாலேயே நிறைந்திருக்கும். உங்கள் தெருவிலிருந்து, வீட்டு வேலைக்குப் போகிற அக்கா ஒருவரையோ சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவரையோ அந்தக் குழுவில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். தமிழ் நிகழ்ச்சி கிடைப்பதைவிட இது பெரிய வெற்றி. நிகழ்ச்சியை அடுத்த செமஸ்டரில் நிறுத்திவிடலாம். குழுவில் உட்கார்ந்திருக்கிறவரை அவ்வளவு லேசாக எழுப்ப முடியாது.

செய்தி விஷயத்தில் கவனமாக இருங்கள். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தரக்கூடாது. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே மறுஒலிபரப்பு செய்யலாம், அல்லது பொருள் திரியாமல் உள்ளூர் மொழியில் மொழிபெயர்த்துத் தரலாம், அவ்வளவுதான். எனக்கு இந்தத் தடையில் உடன்பாடு இல்லை. 2016 செப்டம்பரில் காவிரிக்காக ஊர் பற்றி எரிந்தபோது இரண்டு மொழிகளிலும் நிதானமாகப் பேசுகிற ஒரு பக்கத்துத் தெருக் குரல் எவ்வளவு உதவியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அந்த நாட்களில் வாட்ஸ்அப் வதந்திகள்தான் நகரத்தின் வானொலியாக இருந்தன.

ஆனால் தடைக்குள்ளும் இடம் நிறைய இருக்கிறது. தண்ணீர், மின்சாரம், போக்குவரத்து, வானிலை, தேர்வு, வேலைவாய்ப்பு, திருவிழா, நோய் எச்சரிக்கை எல்லாம் செய்திக் கணக்கில் வராது. 2024 மார்ச்சில் போர்வெல்கள் வறண்டு நகரமே தவித்தபோது மாவட்ட நிர்வாகம் தண்ணீர் லாரிகளுக்கு விலை வரம்பு அறிவித்தது. அந்த விலைப்பட்டியலைத் தமிழில் தினம் மூன்று வேளை வாசிப்பதை எந்த விதியும் தடுக்காது. "லாரிக்காரன் சொன்ன ரேட்டைத்தான் கொடுத்தோம்" என்று சொல்கிற வீடுகளுக்கு அதுதான் தேவைப்பட்டது.

கேட்கிறார்களா என்ற கேள்விக்கு விடை சொல்லுமுன் அலை எட்டுமா என்று பார்க்க வேண்டும். சமுதாய வானொலிக்கு அனுமதிக்கும் அலைபரப்புத் திறன் பொதுவாக 100 வாட், ஆண்டெனா உயரம் 30 மீட்டருக்குள். தனியார் பண்பலைகள் கிலோவாட் கணக்கில் கத்துகிற ஊரில் இது மென்குரல். திறந்த வெளியில் சுமார் 10 கிலோமீட்டர் போகும். பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. நடுவே பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு எழும்பினால் அதன் பின்னால் இருக்கிற தெருவுக்குக் கரகரப்புதான் மிஞ்சும். பெங்களூரு மேடும் பள்ளமுமான ஊர் வேறு. அதனால் நிகழ்ச்சித் திட்டம் போடுவதற்கு முன்னால் ஒரு சின்ன ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் தெருவில் நடந்து பாருங்கள். வீட்டுக்குள், மொட்டை மாடியில், முக்குக் கடையில், எங்கெங்கே தெளிவாகக் கேட்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். எந்த நிலையத்திலும் இந்த வரைபடம் கைவசம் இருந்து நான் பார்த்ததில்லை. நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்களே ஆச்சரியப்படுவார்கள்.

செல்போனில் கேட்பவர்கள் பெரும்பாலும் இயர்போனைச் செருகியாக வேண்டும், அந்தக் கம்பிதான் ஏரியல். புதுப் போன்களில் எஃப்.எம். வசதியே இல்லாமல் போனதைக் கவனித்து, 2023 மே மாதம் மத்திய அரசு அதை முடக்காமல் தர வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. ஆனாலும் கையில் இருப்பதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். ஆட்டோக்கள், தையல் கடைகள், பூ கட்டுகிற திண்ணைகள், இஸ்திரி வண்டிகள் ஆகியவைதான் நம் நேயர்கள் இருக்கும் இடம். கை வேலையில் இருக்கும், கண் வேலையில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும் ஆட்கள். யூட்யூப் கேள்விக்கான என் பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. பூ கட்டுகிறவர் திரையைப் பார்க்க முடியாது. அதோடு யூட்யூபில் அவர் கேட்பது மதுரைக்காரரையோ மலேசியாக்காரரையோ. தன் வார்டில் நாளைக்குத் தண்ணீர் வருமா என்று அங்கே யாரும் சொல்லப்போவதில்லை. எனக்கு யூட்யூப் மேல் பகை இல்லை. ஒலிபரப்பான நிகழ்ச்சியை அங்கேயும் ஏற்றுங்கள், பேசியவரின் பேத்தி அதைத் தேடிக் கேட்பாள்.

இனி நிகழ்ச்சிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளும்.

தமிழ் நிகழ்ச்சி என்றதும் பெரும்பாலோர் திரைப்பாட்டும் வாழ்த்துச் செய்தியும் என்று தொடங்குகிறார்கள். வேண்டாம். திரைப்பாட்டுக்கு உரிமத்தொகை கட்ட வேண்டும், சின்ன நிலையத்தால் முடியாது. அதோடு, அந்த வேலையை இருபத்துநாலு மணி நேரமும் செய்யப் பெரிய நிலையங்கள் இருக்கின்றன. அவர்களிடம் இல்லாதது உங்கள் தெருவில் இருக்கிறது.

ஒரு உதாரணம். கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போன சாம்பியன் ரீஃப் உட்பட எல்லாம். அங்கே வேலை பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். அதன்பிறகு அந்த ஊரே பெங்களூருவுக்கு ரயில் ஏறி வேலைக்கு வர ஆரம்பித்தது. இன்றும் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் ரயில்களில் ஏறிப் பாருங்கள், செக்யூரிட்டி வேலைக்கும் கடை வேலைக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கும் வருகிறவர்கள் தமிழ் பேசிக்கொண்டு வருவார்கள். லிங்கராஜபுரம் பக்கம் குடியேறியவர்களும் உண்டு.

அப்படிக் குடிவந்த ஒரு பெரியவரை மாணவர்கள் பதிவு செய்யும்போது உடன் இருந்தேன். மாணவி கையில் எழுதி வைத்த கேள்விகள். "தாத்தா, சுரங்கத்துல வேலை எப்படி இருந்துச்சு?" என்றாள். "கஷ்டம்தான் கண்ணு" என்றார். அடுத்த கேள்விக்கும் அதே பதில். மேடையில் பேசுவதுபோல் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது கூட வந்த பையன், எழுதி வைத்ததில் இல்லாத ஒன்றைக் கேட்டான்: "கீழ இருந்து மேல இருக்கிற ஆளுக்கு எப்படி தாத்தா சொல்வீங்க, கூண்டைத் தூக்குன்னு?" சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்குகிற லிஃப்ட்தான் கூண்டு. பெரியவர் பதில் சொல்லவில்லை. காப்பி குடித்த டம்ளரை எடுத்தார், ஸ்பூனால் தட்டினார். ஒரு விதமாகத் தட்டினால் இது, வேறு விதமாகத் தட்டினால் அது, ஆள் ஏறியிருந்தால் ஒரு தட்டு, அடிபட்ட ஆள் வருகிறான் என்றால் வேறு தட்டு. டிங் டிங் என்று அந்தச் சின்ன வீடு முழுக்க ஒலி. கடைசித் தட்டைத் தட்டிவிட்டு, "இந்த மணி அடிச்சா எங்க வூட்டுப் பொம்பளைங்க எல்லாம் வாசலுக்கு ஓடியாந்துடுவாங்க, யார் வூட்டு ஆளோன்னு" என்றார். அவருடைய மனைவி சமையலறையிலிருந்து, "நானும் தான் ஓடினேன், என்னைக் கேக்க மாட்டீங்களா?" என்றார். அன்றைய நிகழ்ச்சியில் பாதிக்கு மேல் அந்த அம்மாதான் பேசினார்.

பேட்டி எடுக்கப் போகும்போது "எப்படி இருந்தது" என்று உணர்ச்சியைக் கேட்காதீர்கள். "எப்படிச் செய்வீர்கள்" என்று வேலையைக் கேளுங்கள். கை பேசத் தொடங்கினால் வாயும் தானாகப் பேசும். பேச்சுத் தமிழைத் திருத்தாதீர்கள். கன்னடமும் தெலுங்கும் உருதுவும் கலந்த பெங்களூருத் தமிழ்தான் உங்கள் நிலையத்தின் அடையாளம், அறிவிப்பாளரும் அப்படியே பேசட்டும். மேடைத் தமிழில் "அன்பார்ந்த நேயர்களே" என்று ஆரம்பித்தால் இஸ்திரி வண்டிக்காரர் அடுத்த நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்.

இன்னொன்று, இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நிகழ்ச்சியைத் தமிழருக்கு மட்டும் என்று அடைத்துவிடாதீர்கள். ஒரு கன்னடத் தோழியைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுரங்கப் பெரியவரின் கதையைத் தமிழில் கேட்டுவிட்டு, இரண்டு நிமிஷம் கன்னடத்தில் அந்தத் தோழி சுருக்கிச் சொல்லட்டும். அவருக்கு எழும் கேள்வியைக் கன்னடத்திலேயே கேட்கட்டும், நீங்கள் தமிழில் பதில் சொல்லுங்கள். நம் வீடுகளிலும் கடைகளிலும் பேச்சு ஏற்கெனவே இப்படித்தானே நடக்கிறது. மொழிப் பிணக்கால் ஹலசூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 1991 முதல் 2009 ஆகஸ்ட் வரை மூடியே கிடந்த ஊர் இது. திறந்த பிறகு அந்தச் சிலையைத் தாண்டித் தினம் போகிற கன்னடக்காரருக்கு வள்ளுவர் யார் என்று அன்பாகச் சொல்ல ஆள் வேண்டும். கன்னடக் கவி சர்வக்ஞரின் மூன்றடிப் பாடல்களை நமக்குச் சொல்லவும் ஆள் வேண்டும். சமுதாய வானொலியில் அந்த வேலையைச் சண்டை இல்லாமல் செய்யலாம்.

ஒலிப்பதிவு பற்றிச் சுருக்கமாக. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் வெளிச்சத்தம் நிற்கும் என்பது பொய். எடை இல்லாத பொருள் சத்தத்தைத் தடுக்காது. வீட்டில் பதிவு செய்தால் பஞ்சு மெத்தையும் கனமான போர்வையும் இருக்கும் அறையைத் தேடுங்கள், எதிரொலி குறையும். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். குக்கர் விசில், கோயில் மணி, பால்காரர் சைக்கிள் இவற்றை நிறுத்தச் சொல்லாதீர்கள், தனியாக ஒரு நிமிஷம் அந்த வீட்டின் சத்தத்தை மட்டும் பதிவு செய்து வைத்தால் பிறகு வெட்டி ஒட்டும்போது கைகொடுக்கும். கேட்பவர் தெருவில், சின்ன ஸ்பீக்கரில் கேட்கிறார். எனவே மெல்லிய குரலையும் உரத்த குரலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் அனுப்பினால் பாதி வார்த்தை போக்குவரத்தில் கரைந்துவிடும்.

பதிவுகளின் நகலை எப்போதும் உங்களிடம் வைத்திருங்கள். ஒலிபரப்பானதை மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பது நிலையத்துக்கு இருக்கும் கடமை. அதற்குப் பிறகு வட்டில் இடம் வேண்டும் என்று அழித்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு நிலையத்தில் வயதானவர்களின் பேச்சு ஏராளமாகச் சேர்ந்திருந்தது. கணினியை மாற்றியபோது ஒருவரும் கேட்காமல் எல்லாம் போய்விட்டது. அதில் பேசியவர்களில் சிலர் இன்று இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

கல்லூரி வேரினால் வரும் சிரமத்தையும் சொல்ல வேண்டும். கரண்ட் பில், இடம், இணையம், நிலையப் பொறுப்பாளர் சம்பளம் எல்லாம் கல்லூரியின் தலையில் இருப்பதால் நிலையம் உயிரோடிருக்கிறது. அதே காரணத்தால் தேர்வு வந்தால் நிகழ்ச்சி நின்றுவிடும், விடுமுறையில் பழைய பதிவே திரும்பத் திரும்ப ஓடும். இரண்டு வருஷம் பழகித் தேறிய மாணவி படிப்பு முடிந்து போய்விடுவாள். தெருவில் அவளை நம்பிப் பேசியவர்களுக்கு அடுத்து வருகிறவர் யாரென்றே தெரியாது. வாசலில் காவலாளி அடையாள அட்டை கேட்பார். வீட்டு வேலை முடித்து வேர்வையோடு வரும் அக்கா அந்த ஒரு கேள்வியிலேயே திரும்பிப் போய்விடுவார், மறுபடி வரமாட்டார். ஆகவே நிகழ்ச்சிக்கு அனுமதி வாங்கும் அன்றைக்கே, பங்கேற்பவர்களின் பெயர்ப்பட்டியலை வாசலில் கொடுத்து வைக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். உங்களோடு வேலை பார்க்க ஒரு முதலாண்டு மாணவரையும், மாணவரே அல்லாத ஒரு தெருக்காரரையும் முதல் வாரத்திலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பட்டம் வாங்கிப் போனபிறகும் நிகழ்ச்சி நடக்க வேண்டும் என்றால் அந்தத் தெருக்காரர்தான் நடத்துவார்.

பணம். மணிக்கு 5 நிமிஷம் விளம்பரம் என்று தொடங்கிய வரம்பு 2024இல் 12 நிமிஷமாகியிருக்கிறது. அரசு விளம்பரத்துக்கு 10 வினாடிக்கு 52 ரூபாய் என்றிருந்தது 74 ஆகியிருக்கிறது. பன்னிரண்டு நிமிஷமும் அரசு விளம்பரமே நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய் வரும். நிரம்புவதில்லை. பெரும்பாலான சின்ன நிலையங்களுக்கு அரசு விளம்பரம் எப்போதாவதுதான் வரும், வந்தாலும் பணம் கைக்கு வர மாதங்கள் ஆகும். 2012இல் அலைவரிசைக் கட்டணத்தை வருஷத்துக்கு 19,700 ரூபாயிலிருந்து 91,000 ஆக்கியபோது நிலையங்கள் கூட்டாக எதிர்த்து நின்று பழைய தொகைக்கே கொண்டுவந்தன. அன்றைய நிலையில் அந்த உயர்வு பல இடங்களில் நிலையத்தையே மூடவைத்திருக்கும். உங்கள் அரை மணி நேரத்துக்குத் தெருவிலேயே ஆதரவு தேடுங்கள். மளிகைக் கடைக்காரர், டியூஷன் சென்டர், கேட்டரிங் செய்கிறவர் யாராவது ஒருவர். பேட்டி தருகிறவரின் பஸ் செலவும் டீ செலவும் வந்தால் போதும், தொடங்கிவிடலாம். பேச வருகிறவரின் ஒரு நாள் கூலி போகிறது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

தனியாக ஒரு நிலையமே தொடங்கலாமா என்று நாளைக்கு யாராவது உங்களைக் கேட்பார்கள். தனிநபர்களுக்கும், கட்சிகளுக்கும், கட்சி சார்ந்த மாணவர், மகளிர், தொழிற்சங்க அணிகளுக்கும், லாபத்துக்காக நடத்தும் நிறுவனங்களுக்கும் அனுமதி இல்லை. பதிவு செய்து மூன்று வருஷமாவது இயங்கிய தொண்டு அமைப்பு விண்ணப்பிக்கலாம். ஆனால் பெங்களூரு போன்ற நகரத்தில் அலைவரிசை கிடைப்பது குதிரைக்கொம்பு. இருக்கிற நிலையத்துக்குள் நுழைவதே இப்போதைக்கு நல்லது.

எப்படிக் கேட்பது? வெறும் விண்ணப்பத்தோடு போகாதீர்கள். நான்கு நிகழ்ச்சிகளை முழுதாகத் தயாரித்து, ஒவ்வொன்றையும் சரியாக அரை மணிக்கு வெட்டி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். பேசியவர்கள் ஒலிபரப்பச் சம்மதித்ததாகக் கையெழுத்தோ, எழுதத் தெரியாதவர் என்றால் அவர் குரலிலேயே ஒப்புதலோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் கன்னடத்தில் ஒரு பக்கச் சுருக்கம் இணையுங்கள், நிலையப் பொறுப்பாளருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், என்ன போகிறது என்று அவர் அறிய வேண்டும், உரிமத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். உங்கள் தெருவில் எங்கெங்கே அலை எடுக்கிறது என்று குறித்த தாளையும் கூடவே வையுங்கள்.

நேரம் கேட்கும்போது மாலை ஏழு மணி கேட்காதீர்கள், அப்போது எல்லா வீட்டிலும் டிவி ஓடும். மதியம் இரண்டரைக்குக் கேளுங்கள். காலை வேலை முடித்து வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் சற்றே காலை நீட்டுகிற நேரம் அது. கல்லூரி நிலையங்களில் அந்த நேரம் பெரும்பாலும் காலியாகவும் இருக்கும். முதல் ஒலிபரப்பு அன்று நீங்கள் ஸ்டூடியோவில் இருக்க வேண்டியதில்லை. ஒரு ரேடியோவோடு பேசியவரின் வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுங்கள், அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து யார் பேசுவது என்று அங்கேயே முடிவாகிவிடும்.